பெல்ட்டில் ஒடிந்த மூன்றாவது பல்

வாசகர் கேள்வி: உறைந்த காய்கறிக் கலவை தயாரிக்கும் நடுத்தர அளவிலான ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்ற வாரம் முற்பகல் 11.40 மணிக்கு, பேக்கிங் மேசையில் நின்ற பெண் தொழிலாளி ஒருவர் காய்கறித் துண்டுகளுக்கு நடுவே வெள்ளைப் பிளாஸ்டிக் சில்லு ஒன்றைக் கண்டெடுத்தார். ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தபோது, ஃப்ரீசரிலிருந்து வெளிவரும் பாலிபுரோப்பிலீன் கன்வேயர் பெல்ட்டின் அடிப்பக்கத்தில் மூன்று பற்கள் ஒடிந்திருந்தன. தரையில் தேடியதில் இன்னொரு சில்லு கிடைத்தது. மூன்றாவது கிடைக்கவில்லை. காலை 6 மணிப் பரிசோதனைத் தாளில் 'சரி' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. 11 மணிக்குப் பிறகு கட்டிய பெட்டிகளை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்கிறார் உற்பத்தி மேலாளர். எக்ஸ்ரே இயந்திரம் வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இருக்காது என்கிறார் உரிமையாளர். இருவர் சொல்வதும் சரிதானா? இனி இப்படி நேராமல் தடுக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பவற்றில் பெட்டிகளைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை சில நாட்கள் பொறுக்கும், அது பொறுக்காது.

11 மணி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். சில்லு கண்ணில் பட்ட நேரம்தான் 11.40, பல் எப்போது ஒடிந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே, பெல்ட் முழுமையாக இருந்ததை ஒருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்த கடைசி நேரத்திலிருந்துதான் நிறுத்தி வைக்கும் கணக்கு தொடங்க வேண்டும். தாளில் 6 மணிக்குச் 'சரி' என்று இருப்பதால் 6 மணியிலிருந்து என்று முடிவு செய்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால், அந்தக் குறியை இட்டவர் அன்று பெல்ட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தாரா என்று அவரிடமே, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், கேட்டுவிடுங்கள். பற்கள் இருப்பது அடிப்பக்கத்தில். மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டு இட்ட குறியாக இருந்தால், பற்களைப் பொறுத்தவரை அன்று பரிசோதனையே நடக்கவில்லை. அப்படியானால் முந்தைய ஷிஃப்ட்டுக்கும், அங்கும் அடிப்பக்கம் பார்க்கப்படவில்லை என்றால் அதற்கும் முன்னால், யாரேனும் உண்மையில் அந்தப் பக்கத்தைப் பார்த்த நேரம் வரைக்கும் நீங்கள் பின்னோக்கிப் போக வேண்டும். கசப்பான பதில்தான். ஆனால் நிறுத்தி வைத்த பெட்டியைப் பிறகு விடுவிக்க முடியும்; விற்பனைக்குப் போன பெட்டியைத் திரும்ப அழைப்பது எளிதல்ல.

பின்னோக்கிப் போகும் தூரத்தைக் குறைக்க உதவும் ஒரு சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒடிந்த பற்கள் இருந்த கண்ணிகளை (ஒன்றோடொன்று கோத்துப் பெல்ட்டாகும் பிளாஸ்டிக் துண்டுகளை) கழற்றி, கிடைத்த இரு சில்லுகளோடு ஒரு கறுப்புத் தாளின் மேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் முறிந்த முகங்களைப் பாருங்கள். புதிய முறிவு பளிச்சென்ற வெள்ளையாகவும் கூர்மையான விளிம்போடும் இருக்கும். பழைய முறிவில் காய்கறிச் சாறு படிந்து பழுப்பேறியிருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். மூன்று பற்களும் ஒரே நேரத்தில் ஒடிந்தவையா, அல்லது ஒன்று பல நாட்களுக்கு முன்பே போய்விட்டதா என்பதை இது ஓரளவு சொல்லிவிடும். பிறகு சில்லுகளை அவை ஒடிந்த இடத்தில் முகத்தோடு முகம் பொருத்திப் பாருங்கள். இடைவெளியின்றிப் பொருந்தினால் நல்லது. பொருத்திய இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் மிஞ்சினால், நீங்கள் தேட வேண்டியது ஒரு சில்லை அல்ல, இரண்டை என்று பொருள். பொருத்திப் பார்த்த நிலையில் ஒரு புகைப்படம் எடுத்து, துண்டுகளைத் தேதியிட்ட பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன பல்லைத் தரையில் மட்டும் தேடுவது போதாது. பற்சக்கரத்தின் மூடிக்குள், சொட்டுத் தட்டில், வடிகால் வலையில், அன்றைய கழிவுத் தொட்டியில், ஃப்ரீசரின் அடியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டிக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். அந்தப் பனிக்கட்டியை வடிகாலில் தள்ளிவிடாமல் ஒரு வலையின் மேல் வைத்து உருகவிட்டால், பலமுறை அங்கேதான் விடை கிடைக்கிறது. அங்கும் இல்லை என்றால், அது பெட்டிக்குள் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நிறுத்திய பெட்டிகளைப் பிரித்து மறுபடி பார்க்க முடிவு செய்தால், கலவையை நீல அல்லது கருநிற மேசையில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பாருங்கள். பார்ப்பவரை அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்; அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் பார்க்காது. பார்ப்பவர்களுக்குத் தெரியாமல், எண்ணி எடுத்த பத்து வெள்ளைச் சில்லுகளை நடுநடுவே கலந்து வைத்து, எத்தனை திரும்ப வருகின்றன என்று கணக்கிடுங்கள். சோதனைச் சில்லுகளை நிறத்தாலோ குறியாலோ வேறுபடுத்தி, அவற்றைக் கலந்த பெட்டிகளை முன்னதாகவே குறித்து, அந்தப் பெட்டிகள் எந்த நிலையிலும் விற்பனைக்குப் போகாது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பத்தில் ஆறுதான் திரும்புகிறது என்றால், உங்கள் மறுபரிசோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது பெட்டிகளை அழித்துவிடுவதே நேர்மையான முடிவு.

'சின்னத் துண்டுதானே' என்று யாரேனும் சொல்லக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல், 7 மி.மீ. முதல் 25 மி.மீ. வரையுள்ள கடினமான அல்லது கூர்மையான அந்நியப் பொருளை நடவடிக்கைக்குரியதாகக் கருதுகிறது. அதே வழிகாட்டுதல், கைக்குழந்தைகள், முதியவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கான உணவில் 7 மி.மீ.-க்குக் குறைந்த துண்டும் ஆபத்தாகலாம் என்பதையும் கவனத்தில் கொள்கிறது. அந்த எண்ணைச் சிறிய துண்டுகளுக்கான அனுமதியாக வாசிக்கக் கூடாது.

இனி எக்ஸ்ரே இயந்திரம். உங்கள் உரிமையாளரின் எண்ணம் நல்லதுதான், ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது பொருந்தாது. எக்ஸ்ரே கருவி, ஒரு பொருள் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பார்த்தே அதைப் பிரித்தறிகிறது. அந்தத் தடுப்பு பொருளின் அடர்த்தியையும் அதிலுள்ள அணுக்களின் எடையையும் பொறுத்தது. உலோகமும் கண்ணாடியும் கல்லும் அதில் தெளிவாகத் தெரியும். பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.90 முதல் 0.91 கிராம். பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 கிராம். உங்கள் பொருளோ பெரும்பகுதி உறைந்த நீர். போதாததற்குப் பாலிபுரோப்பிலீனில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. நீரிலுள்ள ஆக்சிஜன் இவை இரண்டையும்விடக் கனமான அணு. ஆக, உறைந்த காய்கறிக் குவியலுக்குள் கிடக்கும் ஒரு பாலிபுரோப்பிலீன் சில்லு எக்ஸ்ரேயின் கண்ணுக்கு இன்னொரு பனித்துண்டுதான். ஒழுங்கற்ற துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் கலவையில் படம் இன்னும் கலங்கலாகவே வரும். கல்லையும் உலோகத்தையும் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்த இயந்திரத்தை வாங்குவதாக இருந்தால் நான் தடுக்க மாட்டேன். பெல்ட்டின் பல்லுக்காக வாங்க வேண்டாம்.

உலோகத் தூள் கலந்து, மெட்டல் டிடெக்டரில் தென்படும்படி செய்யப்பட்ட பிளாஸ்டிக் வகைகள் சந்தையில் இருக்கின்றன. கைக்கருவிகளுக்கும் பேனாக்களுக்கும் கேபிள் டைகளுக்கும் அவை பயனுள்ளவை. ஆனால் விளம்பரத் தாளை நம்பி வாங்கிவிடக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக் கைக்கருவி ஒன்றையே அறுத்து 3, 5, 7, 10 மி.மீ. கனசதுரங்களாக்கி, உங்கள் பொருளின் பொதிக்குள் வைத்து, டிடெக்டர் வாயின் நடுப்பகுதி வழியாக அனுப்பிப் பாருங்கள். உணர்திறன் மிகக் குறைவாக இருக்கும் இடம் அந்த நடுப்பகுதிதான். எந்த அளவிலிருந்து பிடிக்கிறதோ அதற்குக் குறைந்த துண்டு தப்பிவிடும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தூள் கலப்பதால் பிளாஸ்டிக்கின் உறுதி பெரும்பாலும் சற்றுக் குறைகிறது. எளிதில் கண்டுபிடிக்கப்படும் பொருள், எளிதில் ஒடியும் பொருளாகவும் இருக்கலாம்.

சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1969-இல் வெளியிட்ட உணவுச் சுகாதாரப் பொதுக் கோட்பாடுகள் 2020-இல் பெரிதும் திருத்தப்பட்டபோது, நல்ல சுகாதார நடைமுறைகளில் சில கூடுதல் கவனம் கோருபவை என்ற கருத்து அதில் சேர்க்கப்பட்டது. இயந்திரப் பராமரிப்பும் பிளாஸ்டிக் பாகங்களின் பரிசோதனையும் உங்கள் ஆலையில் அந்த வரிசையில் வர வேண்டும் என்பது என் கருத்து. சில்லைக் கண்டுபிடிக்கவே முடியாத கருவியைக் கட்டுப்பாட்டுப் புள்ளி (ஆபத்தைத் தடுத்து நிறுத்தும் இடம்) என்று உணவுப் பாதுகாப்புத் திட்டத்தில் எழுதி வைத்தால், தாள் நிறைவாக இருக்கும்; பெட்டி நிறைவாக இருக்காது.

ஆகவே பல் ஏன் ஒடிந்தது என்பதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, ஃப்ரீசர் வாயில் பாலிபுரோப்பிலீன் பெல்ட் ஓடுகிறது என்ற ஒரு சொற்றொடர்தான். இந்தப் பிளாஸ்டிக் 0°C-ஐ ஒட்டிய வெப்பநிலையிலேயே தன் வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்து, கண்ணாடியைப் போல நொறுங்கத் தொடங்குகிறது. பெல்ட் தயாரிப்பாளர்கள் இதற்குத் தரும் கீழ் எல்லை பொதுவாக 1°C அளவில் இருக்கும். சூடான சமையல் பகுதிக்கு அருமையான பொருள். உங்கள் ஃப்ரீசருக்குத் தவறான பொருள். குளிருக்கு ஏற்றவை பாலிஎத்திலீனும் அசிட்டாலும். பாலிஎத்திலீன் பெல்ட்டுக்கு −70°C அளவிலும், அசிட்டால் பெல்ட்டுக்கு −45°C அளவிலும் கீழ் எல்லை தரப்படுகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பாலிஎத்திலீன் மென்மையானது, இழுவிசையைக் குறைவாகவே தாங்கும், 65°C-க்கு மேற்பட்ட நீரில் கழுவுவது அதற்கு ஆகாது. அசிட்டால் வலுவானது, ஆனால் குளோரினும் வலுவான அமிலமும் அதை அரித்துவிடும். எனவே வாங்கும் முன், உங்கள் சுத்திகரிப்பு மருந்துகளின் பெயர், செறிவு, வெப்பநிலை, தொடும் நேரம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, இவற்றைத் தாங்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறம் நீலமாக இருக்கட்டும். நீல நிறக் காய்கறி ஏறக்குறைய இல்லை என்பதால் சில்லு விழுந்தால் கண்ணில் படும். உங்கள் வெள்ளைச் சில்லு கண்ணில் பட்டது அந்தப் பெண்மணியின் கூர்மையால்.

பொருளை மாற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒடிந்தது பெல்ட்டின் பல் என்பதால் இன்னொன்றையும் சந்தேகிக்கிறேன். பனியை உருக்கிக் கழுவிய பிறகு, ஈரத்தோடு பெல்ட் நின்ற நிலையிலேயே ஃப்ரீசர் மறுபடி குளிர்விக்கப்படுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பெல்ட், தன்னைக் கீழிருந்து தாங்கும் பிளாஸ்டிக் பட்டையோடு (தாங்குபட்டை) பனியால் ஒட்டிக்கொள்ளும். காலையில் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் இழுக்கும், பெல்ட் நகராது, அந்த இழுவை முழுவதும் பற்சக்கரத்தில் மாட்டியிருக்கும் மூன்று நான்கு பற்களின் மேல் விழும். குளிரால் நொறுங்கும் நிலையில் இருக்கும் பல் அங்கேயே ஒடிந்துவிடும். கழுவிய பின் ஈரம் உலரும் வரையிலும், குளிர்விக்கும் நேரத்திலும் பெல்ட்டை மெல்ல ஓடவிடுவதே இதற்கு வழி. காலையில் தொடங்கும் முன் பெல்ட் தளர்வாக நகர்கிறதா என்று, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய நிலையில், கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

தாங்குபட்டைகளையும் பாருங்கள். பிளாஸ்டிக், எஃகைவிடப் பல மடங்கு சுருங்கி விரியும். கழுவும்போது 25°C-யிலும் ஓடும்போது −30°C-யிலும் இருக்கும் ஒரு மீட்டர் நீளப் பாலிஎத்திலீன் பட்டை, ஏறத்தாழ 6 முதல் 10 மி.மீ. வரை சுருங்கும், அதைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் ஒரு மி.மீ. அளவே சுருங்கும். இரு முனையிலும் திருகால் இறுக்கிவிட்டால் பட்டை எங்கே போகும்? திருகுத் துளையிலிருந்து விரிசல் விடும், அல்லது சூட்டில் மேலெழும்பிப் பெல்ட்டில் மாட்டும். ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் நீள்துளை வைத்து நகர இடம் கொடுப்பதே முறை. பாலிகார்பனேட் பாதுகாப்பு மூடிகளுக்கும் இதே பார்வை வேண்டும்: திருகைச் சுற்றி நட்சத்திரம் போல நுண்விரிசல்கள் தெரிந்தால், அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம், சூடான காரக் கரைசலில் கழுவியிருக்கலாம், அல்லது திருகு தளராமல் இருக்க ஊற்றும் பூட்டுத் திரவம் அந்தப் பிளாஸ்டிக்கைத் தாக்கியிருக்கலாம். கடைசிக் காரணத்தைப் பராமரிப்புப் பிரிவினர் பலர் அறிந்திருப்பதில்லை. அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஒடிந்து விழும் பல் ஒரு வகையில் நல்லது, ஒடிந்தது தெரிந்துவிடுகிறது. தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஆலை ஒன்றில், மாவு பிசையும் பாத்திரத்தின் சுவரை வழிக்கும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் ஒன்று இருந்தது. பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தாளில் தினமும் 'சரி'. இரவுச் சுத்தப் பணியில் இருந்த முதியவர் ஒருவர் ஒருநாள் என்னை அழைத்து, துடைக்கும் பஞ்சை அதன் விளிம்பில் மெல்ல இழுத்துக் காட்டினார். விளிம்பு நெடுகிலும் பஞ்சிழை மாட்டி நின்றது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோதுதான், தலைமுடியைவிட மெல்லிய பிசிறுகள் வரிசையாக நிற்பதைக் கண்டேன். ஸ்கிரேப்பரைத் தராசில் வைத்தோம். புதிதாக இருந்தபோது 412 கிராம். அன்று 397 கிராம். மூன்று மாதங்களில் 15 கிராம் பிளாஸ்டிக் மாவோடு போயிருந்தது, ஒருவரும் ஒரு சில்லைக்கூடப் பார்த்திருக்கவில்லை. பாத்திரத்தின் அச்சு சற்றே விலகி, ஒரு பக்கம் அழுந்தியதே காரணம். அன்று முதல், உணவோடு உரசும் எந்தப் பிளாஸ்டிக் பாகத்தையும் பொருத்தும் நாளிலேயே எடை போட்டுக் குறித்து வைக்கச் சொல்கிறேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். பஞ்சு இழுத்துப் பார்க்கும் முறையை அந்தப் பெரியவர் யாரிடமும் கற்றதில்லை; எனக்கு அது இன்றும் பயன்படுகிறது.

பரிசோதனையை எப்படி அமைப்பது என்றும் கேட்பீர்கள். உங்கள் பெல்ட்டில் ஒரே ஒரு கண்ணியை வேறு நிறத்தில் மாட்டுங்கள். பெல்ட்டை மிக மெதுவாக ஓடவிட்டு, டார்ச்சோடு திரும்பும் பாதையின் கீழே நின்று, பாதுகாப்பு மூடிக்கு வெளியிலிருந்து, அந்த நிறக்கண்ணி இரண்டாம் முறை வரும் வரை பார்த்தால் ஒரு முழுச் சுற்று பார்த்தாயிற்று என்பது உறுதி. தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் வந்தால் நிறுத்திப் பூட்டிவிட்டே தொட வேண்டும். தாளில் 'சரி' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'எத்தனை கண்ணிகளில் விரிசல், எத்தனை பற்கள் வெளிறியிருக்கின்றன' என்று எண் எழுதும் கட்டம் வையுங்கள். எண்ணை எழுத வேண்டுமென்றால் பார்த்தாக வேண்டும். வெளிறிய பல்லை அன்றே மாற்றுங்கள்; பிளாஸ்டிக் ஒடிவதற்கு முன், வளைந்த இடத்தில் பெரும்பாலும் வெள்ளைக் கோடு விடும். ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒன்று, இடைவேளையில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மூன்று முறை பார்த்தால், அடுத்த முறை ஏதேனும் ஒடிந்தால் நீங்கள் நிறுத்தி வைக்க வேண்டியது நான்கு மணி நேரத்துப் பெட்டிகளை மட்டுமே. இதை உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். அவருடைய கவலைக்கும் இதுவே பதில்.

கூடைகள், தொட்டிகள், மூடிகள், அகப்பைகள் ஆகியவற்றுக்கு எண்ணிட்டு, விளிம்பு உடைந்ததை அன்றே வெளியேற்றினால் போதும். தற்காலிகப் பழுதுபார்ப்புதான் ஆபத்தானது. டேப் சுற்றியது, கேபிள் டை கட்டியது எதுவானாலும் தேதியும் நீக்கும் நாளும் எழுதப்பட வேண்டும். வெட்டிய டையின் வால் துண்டை எண்ணி ஒப்படைத்த பிறகே இயந்திரம் உற்பத்திக்குத் திரும்ப வேண்டும்.

சில்லைக் கண்டெடுத்த அந்தப் பெண் தொழிலாளியை எல்லார் முன்னிலையிலும் பாராட்டிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஓட்டம் நின்றதற்காக அவர் மேல் யாரும் முகம் சுளித்திருந்தால், அடுத்த சில்லு மேசையிலிருந்து சத்தமில்லாமல் குப்பைத் தொட்டிக்குப் போகும். உங்களுக்குச் செய்தி வராது. இதை இன்றே சரிசெய்ய முடியும்.

புதிய பெல்ட் வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பழைய பெல்ட்டில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வேகத்தையும் சுமையையும் குறைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அடிப்பக்கத்தைப் பார்த்து, அந்தந்தப் பரிசோதனை முடிந்த பிறகே அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துப் பெட்டிகளை விடுவியுங்கள். புதியது பொருத்தப்படும் நாளில், கழற்றிய வெள்ளைக் கண்ணிகளை 'உதிரிக்கு ஆகும்' என்று அலமாரியில் வைக்க யாரேனும் எடுப்பார்கள். ஒன்றைக்கூட விடாமல் எண்ணி, ஆலைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.